சுவரைப் பார்க்க வந்தவர்கள்

பெண்கள் விடுதியில் இடம் காட்டுகிற வேலையில் நான் கவனித்தது இது: கட்டிலில் படுக்கப்போகிறவள் கட்டிலைப் பார்ப்பாள், கூட வந்தவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். பெட்டியும் பக்கெட்டுமாகப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் அலைந்து மகளுக்கு இடம் தேடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த மகள்களுக்கும் வேண்டியதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளும் உங்களில் ஒருத்திதான் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பட்டம் வாங்கிய பெண்ணை அடுத்து என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கல்யாணம் செய்வது எப்படி என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் அலுவலக வேலை இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேலை செய்கிற இடத்திலேயே படுக்கவும் இடம் இருக்கிற வரைக்கும் டவுனில் இருக்கலாம். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

விடுதியின் முதலாளி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். எங்கள் ஊரில் அந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு அதுதான் பெயர். கீழ்த்தளம் நிரம்பிவிட்டது, மாடி காலியாகக் கிடந்தது. கல்லூரி திறப்பதற்குள் மாடி நிரம்பாவிட்டால் அதை ஒரு டியூஷன் சென்டருக்கு விட்டுவிடுவதாகவும், அதற்கப்புறம் ஆபீசுக்கென்று தனியாக ஆள் தேவைப்படாது என்றும் சொல்தா முதல் நாளே சொல்லிவிட்டார். ஆக, மாடிக் கட்டில்கள் நிரம்பினால்தான் எனக்குக் கட்டில். இதில் ஒரே சிக்கல், யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிற வழக்கம் எனக்கு.

பூட்டு

முதல் வாரத்தில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். தண்ணீர் எப்படி என்றார்கள். காலையில் நன்றாக வரும், கொஞ்சம் உப்பு என்றேன். சாப்பாடு எப்படி என்றார்கள். சாப்பிடலாம், சாம்பாரில் பருப்பு இருக்கிற நாளும் உண்டு என்றேன். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றார்கள். வரும்வரை காத்திருப்போம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சமையல் செய்கிற செண்பகம் அக்கா அடுப்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். சாம்பாரைப் பற்றிச் சொன்னதில் அவருக்கு ஏற்கெனவே கோபம். ஒரு குடும்பம் கேட்டைத் தாண்டிப் போனதும் கரண்டியோடு வெளியே வந்தார். "உன்ன வாசல்ல உக்கார வெச்சதுக்கு ஒரு பூட்ட தொங்கவுட்டிருக்கலாம் பாப்பா. அதாவது வாயத் தொறக்காது."

மூலைக்கடை

பண்ருட்டியிலிருந்து ஒரு அப்பா வந்தார். சலவை வேட்டி, நெற்றியில் பட்டை. கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று விசாரித்தார். பொழுது சாய்ந்ததும் பூட்டிவிடுவோம், அதற்குமுன் சொல்தா எல்லாரையும் பட்டாளத்தில் மாதிரி வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார், 'வந்தேன் ஐயா' என்று சத்தமாகச் சொல்லாதவளுக்கு ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. அக்கம்பக்கத்தில் வேண்டாத கடை எதுவும் இல்லையே என்றார். தெருமுனையில் பிராந்திக் கடை இருக்கிறது, இங்கே மூலைக்கடை என்பார்கள் என்றேன். வயசுப் பெண்கள் இருக்கிற தெருவில் இப்படி ஒரு கடையா, இதைக் கேட்க இந்த ஊரில் ஆளே இல்லையா என்று என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடை என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டுக்கு வெளியே போயிருந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். சலவை வேட்டி கசங்கியிருந்தது. டவுன் முழுக்கச் சுற்றியிருக்கிறார். புதுச்சேரியில் மூலைக்கடை இல்லாத தெருவைத் தேடுவது கடலில் உப்பில்லாத இடத்தைத் தேடுவது மாதிரி என்று பாவம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்து அட்வான்ஸைக் கட்டினார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மகள் மாடிக்குப் போகிறவரை பொறுத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பொண்ண பாக்க ஞாயித்துக்கெழமதான் வர முடியும். அந்தக் கடைக்கு அன்னிக்கு லீவு ஏதாச்சும் உண்டாம்மா?"

சிக்னல் கிடைக்காத அறை

மாடியில் மூலை அறை ஒன்று உண்டு. சுற்றிலும் உயரமான வீடுகள். அங்கே செல்போனில் சிக்னலே வராது. அந்த அறையைக் காட்டும்போதெல்லாம் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். ஒரு டீச்சரம்மா மகளோடு வந்தபோதும் சொன்னேன். டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் போனாலும் வராதா என்றார். வராது என்றேன். கட்டில்மேல் ஏறி நின்றால்? அப்போதும் வராது. தன் போனை எடுத்து அறையின் நாலு மூலையிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி கண்ணை மூடினார். மகளின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. வேறு எந்த அறையையும் பார்க்காமல் அந்த அறையையே எடுத்துக்கொண்டார்கள். என் வாயால் முதன்முதலில் ஒரு கட்டில் நிரம்பியது.

மறுநாளிலிருந்து ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பித்தது. காலையில் பல் துலக்கினாளா, மத்தியானம் சாப்பிட்டாளா, தலைக்குக் குளித்தாளா, ஈரத்தோடு படுத்தாளா. ஒவ்வொரு தடவையும் நான் மாடி ஏறி மகளை அழைத்துவர வேண்டும். நாலாம் நாள் டீச்சரம்மா பொறுமை இழந்துவிட்டார். "எத்தினி தபா அடிச்சாலும் எம்பொண்ணு செல்லுக்கு லைனே போவ மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு ஹாஸ்டலா?"

ஒரு கட்டில், இரண்டு தூக்கம்

வாடகை கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக மனிதர்கள் போடுகிற கணக்கைக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு அம்மா இரண்டு மகள்களோடு வந்தார். அவர் பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறவர், பேரம் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. மூத்தவள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் ராத்திரி ட்யூட்டி. சின்னவள் கல்லூரி. இவள் படுக்கும்போது அவள் வேலையில் இருப்பாள், அவள் படுக்கும்போது இவள் வகுப்பில் இருப்பாள். ஆகவே கட்டில் ஒன்று போதும், வாடகையும் ஒன்று போதும் என்றார். நான் எவ்வளவு யோசித்தும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்தாவிடம் போய்ச் சொன்னேன். அவரும் யோசித்துவிட்டு, பட்டாளத்துப் பாரக்கில் நாங்களும் அப்படித்தான் படுத்தோம் என்று ஒத்துக்கொண்டார். லீவு நாளில் இரண்டு பேரும் அறையில் இருப்பார்களே, அப்போது சண்டை வராதா என்று மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் மகள்களை ஒரு பார்வை பார்த்தார். "வாரத்துக்கு ஒரு நாள் சண்டை போடலன்னா அப்புறம் எதுக்கும்மா அக்கா தங்கச்சி?"

சுவரு, தெருவு

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. மாடியில் பாதிக்கு மேல் காலி. டியூஷன் சென்டர்காரர் ஒரு நாள் டேப்பைக் கொண்டுவந்து அளந்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். மூன்று பக்கம் சுவரில் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறது, பின்பக்கம் மட்டும் இல்லை. இந்தச் சுவரில் ஒருத்தன் ஏற முடியுமா முடியாதா என்று கேட்டார். முடியாது என்றுதான் சொல்தா எல்லாரிடமும் சொல்வார். நான், தெரியாதுங்க, ஏறிப் பார்த்ததில்லை என்றேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். பிறகு, அவரைக் காணவில்லை.

பின்சந்தில் சத்தம் கேட்டு ஓடினேன். சந்தின் முனையில் ஒரு தெருக்குழாய். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே நாலு பெண்கள் இருப்பார்கள். அந்த விவசாயி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவர்மேல் குதிரையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். சரோஜா அக்கா என்பவர் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அவருடைய ஒரு காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எம்பொண்ணுக்காகத்தான் ஏறினேன் என்று அவர் கெஞ்சினார். ஏறுகிறவன் எல்லாம் யாரோ ஒரு பொண்ணுக்காகத்தான் ஏறுகிறான் என்று சரோஜா அக்கா காலை இன்னும் இறுக்கினார். பிறகு என்னிடம் திரும்பி, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன், பேர்கூடத் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு நடந்ததில் அவருடைய சட்டைக்கு ஒரு கை இல்லாமல் போய்விட்டது.

மனைவியும் மகளும் ஓடிவந்து அடையாளம் சொல்லித்தான் அவரை மீட்டார்கள். ஆபீசில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். போலீசுக்குப் போவார், குறைந்தது என்னையாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, மீதி இருந்த ஒரு சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சுவரு சரியில்ல. தெருவு சரியா இருக்குது. எம்பொண்ண சேத்துக்கம்மா."

கட்டில் இல்லாத வேலை

முத்தியால்பேட்டையில் தொடங்கிய அந்தக் கதை பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வில்லியனூர், பாகூர் வரைக்கும் போனது. ஏறினவனைப் பிடித்த ஹாஸ்டல் இதுதானே என்று கேட்டுக்கொண்டு அப்பாக்கள் வந்தார்கள். யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, சாம்பாரைப் பற்றிக் கேட்கவில்லை. பின்சந்துக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழாயடிப் பெண்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து அட்வான்ஸ் கட்டினார்கள். கண்ணாடிச் சில்லு பதிக்க வந்த கொத்தனாரைச் சொல்தா திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வாரமாக நான் உண்மை பேசி நிரப்ப முடியாத மாடியை, ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டி நிரப்பிவிட்டார். டியூஷன் சென்டர்காரருக்குப் போன் போட்டு இடம் இல்லை என்று சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல.

மறுநாள் காலையில் இன்னொரு அப்பா மகளோடு வந்து நின்றார். இடம் இல்லை என்றேன். சொல்தா என்னைத் தனியாக அழைத்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் நான் படுக்கிற சின்ன அறையைக் கண்ணாலேயே அளந்தார். என்னால்தான் விடுதி நிரம்பியது, என்னை விட மனசில்லை, சம்பளத்தைக்கூடக் கொஞ்சம் ஏற்றித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு முடித்தார். "வேல இருக்குது பாப்பா. கட்டில்தான் இல்ல."

அப்பாவின் செருப்பு

வேலை செய்கிற இடத்தில் படுக்க இடம் இல்லாவிட்டால் அடுத்த பஸ் என்பது அப்பாவின் நிபந்தனை. மறைக்காமல் வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அடுத்த பஸ்ஸில் அப்பாவே வந்துவிட்டார். என் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. செண்பகம் அக்கா அதன்மேல் ஒரு தூக்குவாளியில் சாம்பார் வைத்தார். அன்று பருப்பு இருந்தது. கிளம்புமுன் நான் தங்குவதற்கு வேறு ஒரு விடுதியாவது பார்க்கலாம் என்று அப்பாவைக் கெஞ்சி, சற்றுத் தள்ளி இன்னொரு தெருவில் இருந்த விடுதிக்குக் கூட்டிப்போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் என் வயதில் ஒருத்தி இருந்தாள். எங்கள் ஹாஸ்டலில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்றாள். தண்ணீர், சாம்பார், சிக்னல், மூலைக்கடை என்று நான் வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு குறையும் இல்லை என்றாள். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பின்பக்கம் போனேன். சுவரோரம் அவருடைய செருப்பு இரண்டும் சேர்த்து வைத்திருந்தது. அப்பா அப்போதுதான் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் சாத்தியிருந்தது. வேட்டியைத் தட்டிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து இறங்கியாச்சு, ஒருத்தரும் ஏன்னு கேக்கல, இது வேணாம் என்றார்.

பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தோம். பஸ்ஸில் ஏறினால் மறுபடி டவுனுக்கு வருவது என் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது பின்சந்தில் பழைய சத்தம். சரோஜா அக்காவின் குரல்தான், போன வாரம்தான் ஒருத்தன் மாட்டினான், நீ ரெண்டாவதாய்யா என்று. நான் ஓடிப்போய், அக்கா, இவரை எனக்குத் தெரியும், எங்கப்பா என்றேன். சரோஜா அக்கா காலை விட மனசில்லாமல் விட்டார். அப்பா ஏறின காரணத்தைச் சொன்னதும் சரோஜா அக்காவே சிரித்துவிட்டு, என் வீட்டு முன்அறை சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமென்றால் பாப்பா அங்கே தங்கிக்கொள்ளட்டும் என்றார். அப்பா கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். ஊரில் நெல் நல்ல விலைக்குப் போன நாளில்தான் அவர் முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறேன். "புடிச்சிட்டாங்க பாப்பா. நீ இங்கயே இரு."

பாதுகாப்பான, கட்டுப்படியாகிற இடம் தேடி இன்னும் வெயிலில் அலைகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மேசைக்குப் பின்னால் இருக்கிறவளை எதுவும் கேட்காதீர்கள், பழைய சட்டை போட்ட அப்பா ஒருவரைக் கூட்டிப்போங்கள்.