அப்பாவின் நாக்குக்காக அரைத்தவை

நல்லெண்ணெயில் பூண்டுப் பற்கள் சிவந்து, அதன்மேல் தக்காளி விழுந்து ‘சொய்ங்’ என்று அடங்கும்போது எழுகிற வாசனைக்கு, அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் கதவும் சுவரும் ஒரு பொருட்டே அல்ல. அது கூடத்தைக் கடந்து, படிக்கட்டில் இறங்கி, கீழ்வீட்டு மாமியின் ஊதுபத்தி மணத்தோடு கலந்து தெருவுக்குப் போய், அங்கே விளையாடிக்கொண்டிருக்கும் என்னை வீட்டுக்கு இழுத்துவந்துவிடும். அப்படி ஓடிவந்த ஒரு மாலையில், சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா என்னைப் பார்த்து, “உங்கம்மா என்னட்டி செய்யுதா? வெந்நியா வைக்கா?” என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அப்பா தியாகராய நகரில் ஒரு புடவைக் கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே சென்னைக்கு வந்துவிட்டவர். பேச்சை மட்டும் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. நல்ல சாப்பாட்டுப் பிரியர். படியேறும்போதே இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார், பெருங்காயம் கூடுதலா குறைவா என்பதையும் சேர்த்து. அந்த வருடத்து ஐப்பசி மழையில், கடை முடிந்து வரும் வழியில், தண்ணீர் நின்ற பள்ளம் தெரியாமல் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து பின்மண்டையில் அடிபட்டது. எலும்பு முறியவில்லை, தையல் போட வேண்டியிருக்கவில்லை, சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கண் திருஷ்டி கழிந்தது என்று அம்மா பூசணிக்காய் உடைத்தாள். மறுநாள் காலை காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த அப்பா, “இதுல டிகாஷன் ஊத்துனியா?” என்றார். அப்போதுதான் தெரிந்தது, அடிபட்டதில் அவருடைய மூக்கு அணைந்துபோயிருந்தது. நரம்பு அறுந்திருக்கலாம், வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

வாசனை போனால் ருசியும் கூடவே போய்விடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு ஒரு மாறாத முறை: இட்லி, மறுநாள் சப்பாத்தி, அதற்கு மறுநாள் மீந்த இட்லி மாவில் தோசை, வெள்ளிக்கிழமை சேமியா, சனிக்கிழமை மீன் கிடைத்தால் மீன். அத்தனையும் அப்பாவுக்கு ஒன்றாகிவிட்டது. “மண்ணத் திங்க மாதிரி இருக்கு” என்று தட்டைத் தள்ளுவார். சாப்பிடாத மனிதருக்கு உட்காரவும் முடியவில்லை. பால்கனிக்கும் வாசலுக்குமாக நடப்பார், சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். கடைக்குப் போக ஆரம்பித்தும் அந்தத் தவிப்பு தணியவில்லை. சட்டைக் காலர் தளர்ந்துகொண்டே வந்தது. அம்மா பரிமாறிவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள், நான் அம்மா முகத்தைப் பார்ப்பேன். கீழ்வீட்டு மாமி ஒருநாள் அம்மாவிடம், “நாக்கு மரத்துப்போனா மனசும் மரத்துடும்டி. விடாதே, எதையாவது மாத்தி மாத்திப் பண்ணிண்டே இரு” என்று சொன்னார். எதை மாற்றுவது என்றுதான் அம்மாவுக்குத் தெரியவில்லை.

மார்கழி முடிகிற சமயம். அம்மா மயிலாப்பூர் குளத்தருகே காய் வாங்கப் போயிருந்தாள். பள்ளியிலிருந்து வந்த நான் படியேறுவதற்குள் மாமி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். “என்னடி இது, உங்காத்துலேர்ந்து கேஸ் நாத்தம் வர்றது!” நான் ஓடினேன். சமையலறையில் அப்பா, மதியச் சாதத்தைச் சூடு செய்வதற்காகப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, லைட்டர் எங்கே என்று அலமாரியில் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பர்னர் திருகு பாதி திறந்திருந்தது. கைப்பிடித் துணி உரசியிருக்க வேண்டும். அந்த அறையில் மூச்சு விட முடியவில்லை. அவர் சாவகாசமாகத் திரும்பி, “வந்துட்டியா? லைட்டரப் பாத்தியாட்டி?” என்று கேட்டார். நான் கத்திய கத்தலில்தான் அவருக்குப் புரிந்தது. மாமி பின்னாலேயே வந்து ஜன்னல்களை எல்லாம் திறந்தார். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் முறை.

அதன் பிறகு அம்மா அப்பாவை வீட்டில் தனியாக விடவில்லை. அவள் கடைக்குப் போனால் என்னைக் காவல் வைத்துவிட்டுப் போவாள். “பச்சப்புள்ளயப் போட்டு எனக்குக் காவலா?” என்று அப்பா கொதித்தார். அன்றைக்கெல்லாம் தட்டின் பக்கமே வரமாட்டார். “இப்பிடிச் சாப்பிடாமக் கெடந்தா என்னதான் செய்யணும்ங்கிய?” என்று அம்மா கேட்க, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்க, “ஏட்டி, நீயும் கூடப் போ” என்று அம்மா என்னை அனுப்ப, இப்படிப் பல மாலைகளில் நானும் அப்பாவும் லஸ் முனை வரைக்கும் நடந்து திரும்பியிருக்கிறோம்.

அப்படி நடந்த ஒரு மாசி மாலையில், ஒரு பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டிக்காரர் மாங்காய் கீறிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, ஆனால் கண் போயிருக்கும். அப்பா வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு கீற்றை நீட்ட, வேண்டாவெறுப்பாக வாயில் போட்டவர் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். முகம் கோணியது. கண்ணை இறுக மூடித் திறந்தார். “ஏட்டி, இது தெரியுதுட்டி!” என்றார்.

வண்டிக்காரர் பயந்துவிட்டார். “இன்னா சார் ஆச்சு? ரொம்ப புளிப்பா கீதா? வேற காய் கீறட்டா?”

“இதே காயி, இன்னும் நாலு குடுப்பா. கீற வேண்டாம், முழுசாவே குடு” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் நான் மூச்சு விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு மாங்காயை எடுத்துத் தோலோடு நறுக்கினாள். இஞ்சி, பச்சை மிளகாய், கல் உப்பு, ஒரு துண்டு வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்து, உள்ளங்கையில் தொட்டு நக்கிப் பார்த்தாள். மறுபடி மிளகாய் கிள்ளிப் போட்டு அரைத்தாள். அன்றைக்கு இருந்தது தோசை. அதன்மேல் அந்த விழுதைத் தடவி, மொறுமொறுவென்று எடுத்துத் தட்டில் வைத்தாள். அப்பா முதல் துண்டை மென்றார், பிறகு இரண்டாவது. மூன்றாவது தோசை அவராகக் கேட்டது.

அம்மாவுக்கு வழி பிடிபட்டுவிட்டது. மூக்கு போனாலும் நாக்குக்குப் புளிப்பும் உறைப்பும் உப்பும் இனிப்பும் தெரிகிறது, சூடும் குளிர்ச்சியும் தெரிகிறது, பல்லுக்கு மொறுமொறுப்பு தெரிகிறது. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அடியில் இருப்பது அதே இட்லி, அதே சப்பாத்தி, அதே மீன்தான். மேலே வருவது மட்டும் தினம் மாறியது. அரைத்துப் பூசி ஊறவைப்பதற்கு எங்கள் வீட்டில் ‘தடவல்’ என்று பெயர், சுண்டக் காய்ச்சி மேலே விடுவதற்கு ‘ஊத்தல்’. புளியையும் வெல்லத்தையும் சுக்கோடு காய்ச்சித் தேன் பதத்தில் இறக்கிய ஊத்தல் வறுத்த சேனைக்கிழங்கின்மேல் வரும். எலுமிச்சைச் சாறும் மிளகும் கல் உப்பும் சேர்ந்த தடவலில் மீன் ஊறும். புதினாவைத் தயிரில் அரைத்துக் குளிரவைத்து, கொதிக்கக் கொதிக்க வந்த முட்டைப் பொரியலின்மேல் விடுவாள். ஒரே வாயில் சூடும் குளிர்ச்சியும் மோத, அப்பா “ஹா” என்பார். தக்காளியைத் தணலில் சுட்டு, வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டிப்போட்டது சப்பாத்திக்கு. ஆனால் ஒன்று அவருக்குப் பழகிய மறுவாரமே மங்கிவிடும். அவர் மெல்லும் வேகம் குறைந்தாலே அம்மாவுக்குக் கை பரபரக்கும். அடுத்த நாளைக்கு என்ன என்ற யோசனையிலேயே இன்றைக்குப் பரிமாறுவாள். பஸ்ஸில் போகும்போதும் உதடு அசைந்துகொண்டிருக்கும், அருகில் உட்கார்ந்தவர்கள் ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோழிக்குப் பச்சைக் கடுகையும் மிளகாயையும் தயிர் விட்டு அரைத்துப் பூசி, காலையிலிருந்தே ஊறவைத்திருந்தாள். வறுத்த பிறகு, மீந்த கடுகை இன்னும் கொஞ்சம் தயிரில் குழைத்துத் தனியாகக் கிண்ணத்தில் வைத்தாள். அப்பா ஒரு துண்டை அதில் நன்றாகத் தோய்த்து வாயில் போட்டார். மறு நிமிடம் தலையை உலுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். இரண்டு கண்ணிலும் நீர் கொட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“மணக்குதுட்டி! மூக்குல ஏறுது! எனக்கு மணக்கு!”

எச்சில் கையோடு குளியலறைக்கு ஓடினார். சோப்பை எடுத்து மோந்தார். தேங்காயெண்ணெய் பாட்டிலைத் திறந்து மோந்தார். சாமி படத்து மல்லிகைச் சரத்தை, பீரோவுக்குள் இருந்த அம்மாவின் கல்யாணப் பட்டை, காப்பித் தூள் டப்பாவை, என் தலையை. என் உச்சியில் அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டது இப்போதும் எனக்கு உணர்வில் இருக்கிறது. பிறகு மெதுவாக மூச்சு நிதானப்பட்டது. காப்பித் தூள் டப்பாவை மறுபடி ஒருமுறை எடுத்தார், மூடினார். கூடத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். கடுகின் நெடி வேறு, வாசனை வேறு, அதற்கு வேறு நரம்பு என்று டாக்டர் பின்னால் விளக்கினார். அது நாங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாக இருக்கவில்லை.

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் கடுகு நீரா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அம்மா கொஞ்ச நேரம் சமையலறை வாசலிலேயே நின்றாள். பிறகு தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துவந்து அவர் எதிரே தரையில் வைத்து, தானும் உட்கார்ந்தாள்.

“மணக்கலேன்னா போட்டும். உறைக்குதுல்லா?”

அப்பா தலையை ஆட்டினார்.

“அப்ப உறைக்கறதத் தின்னுங்க.”

அவர் சாப்பிட்டார். அம்மாவும் அந்தக் கடுகுத் தயிரிலேயே தோய்த்து, கூடவே சாப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருவரும் கிண்ணத்தை வழித்தார்கள். அன்றிலிருந்து அப்பா மூக்கைப் பற்றிப் பேசவில்லை, “இன்னைக்கு என்ன ஊத்தலு?” என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவார். கடைக்கும் சின்னச் சின்ன டப்பாக்களில் எடுத்துப் போனார். தயிர்சாதத்துக்கு அவர் தொட்டுக்கொள்வதைப் பக்கத்தில் இருப்பவர்களும் தொட்டுப் பார்த்து, சீக்கிரமே டப்பாவின் அளவு பெரிதாகிவிட்டது.

எல்லாம் போய்விட்டது. அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மாமி மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். அப்பாவும் அம்மாவும் இப்போது என்னோடு அசோக் நகரில். அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் வயிற்றுப் புண்ணும் வந்து, உப்பு, காரம், புளி மூன்றையும் டாக்டர் நிறுத்திவிட்டார். என் ஃப்ரிட்ஜ் கதவில் வரிசையாக நிற்பவை என் மகன் போனில் ஆர்டர் செய்து வரவழைக்கும் பாட்டில்கள். எதை எதன்மேல் ஊற்றினாலும் அவனுக்கு அலுப்பதில்லை, சாப்பிடும்போது யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதுமில்லை. அப்பா எந்த ருசியும் இல்லாத கஞ்சியையும் பாசிப்பருப்புக் கூட்டையும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுகிறார். எனக்குத்தான் இருப்புக்கொள்வதில்லை. அவர் மெல்வதைப் பார்த்ததும் கை எதையாவது அரைக்கத் தவிக்கிறது.

போன வாரம் சந்தையில் நல்ல மாங்காய் கிடைத்தது. இரவு, அப்பாவும் நாங்களும் மேசையில் இருக்கும்போது அம்மாவிடம் சொன்னேன்: “அப்பாவுக்குத்தான் கூடாது. உனக்கும் எனக்கும் மட்டுமா நாளைக்கு ஒரு மாங்காத் தடவல் அரைக்கட்டுமாம்மா? உனக்கு ரொம்பப் பிடிக்குமே.”

பால்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு வேண்டாம்ட்டி. எனக்குப் புளிப்பே ஆகாது. சின்னதுலேர்ந்தே பல்லு கூசும்.”

அரைத்த விழுதையெல்லாம் உள்ளங்கையில் தொட்டு நக்கிப் பார்த்த அந்த நாள் அம்மா எனக்கு நினைவுக்கு வந்தாள். அப்பாதான் கேட்டார், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு. “இத்தன வருசமா எங்கூட உக்காந்து அதத்தான தின்ன? ஒரு வார்த்த சொல்லலையே.”

“நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தியள்லா” என்றாள் அம்மா, அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றிக்கொண்டே.