அக்காவிடம் மட்டும் பேசிய பேச்சு

அக்காவின் மேல் எனக்கு இருந்த பொறாமைக்குப் பாவாடையோ வளையலோ காரணமில்லை. நைனா அவளிடம் பேசிய பேச்சுதான் காரணம். பெருநகர் கிராமத்துக்கு வெளியே எங்கள் இருளர் குடிசைகளில் பெரியவர்கள் தங்களுக்குள் எங்கள் பேச்சில்தான் பேசுவார்கள். நைனாவும் அம்மாவும் அக்காவிடமும் அதிலேயே பேசுவார்கள். என் பக்கம் திரும்பினால் மட்டும் ஊர்க்காரர்களின் தமிழ் வந்துவிடும். எனக்கு எங்கள் பேச்சு அரைகுறையாகத்தான் புரியும். மூவரும் சேர்ந்து சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு சோறு வேண்டாம் என்பேன். யாரும் கெஞ்சமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு தை மாதம், அறுப்பு முடிந்த கழனிக்கு எலி பிடிக்கப் போனோம். வளையின் ஒரு வாயில் நைனா புகைச்சட்டியை வைத்து ஊதுவார். மறுவாயில் அக்கா கை வைத்துக் காத்திருப்பாள். வரப்பில் கூடையோடு உட்காருவது என் வேலை. அன்று அழுது அடம்பிடித்து அக்காவின் இடத்தை வாங்கிவிட்டேன்.

நைனா மண்ணில் காதை வைத்துக் கேட்டார். திடீரென்று எங்கள் பேச்சில் ஏதோ கத்தினார். என்னிடம்தான் கத்தினார். அந்தப் பூரிப்பில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலி என் கையைத் தாண்டி ஓடிவிட்டது.

"ராத்திரி கொழம்புக்கு இன்னா பண்றது?" என்று அக்கா என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

நைனா உடனே தமிழுக்கு மாறிவிட்டார். "நீ படிக்கிற பொண்ணு. ஒனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேச்சு? கூடையாண்ட போயி குந்து."

அக்கா அதன்பிறகு என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வீடு வரை அழுதுகொண்டே போனேன்.

அக்காவும் பள்ளிக்கூடம் போனவள்தான். அவள் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்குமாம். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். சின்னவளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம் என்று நைனா முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். இதெல்லாம் அவர் போன பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்று அவளும் தன் பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுகிறாள்.

அதையெல்லாம் சொன்ன அன்று, "நீ இஸ்கூல் பைய மாட்டிகினு கெளம்பறப்பல்லாம் எனக்குப் பத்திகினு வரும்" என்றாள்.

அந்த வீட்டில் வயிறு எரிந்தது எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.