ஏற்கெனவே மைதானத்தில் நின்ற மாற்று வீரர்

வியாழக்கிழமை காலை என் கணினித் திரையில் ஒரு வரி சிவப்பாகியது. பதிவு எண் 47, தர்மலிங்கம் நிரோஷன், மஞ்சள் அட்டை இரண்டு, இறுதிப் போட்டியில் ஆட முடியாது. அப்படிச் சிவப்பாகும்படி சூத்திரம் எழுதியது நான்தான். அது சரியாக வேலை செய்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கணினிப் படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை. லண்டன் கல்லூரிகளுக்கிடையிலான ஆண்கள் உதைபந்தாட்டத்தை நடத்தும் ஒரு சிறிய அலுவலகம், பிளேஸ்டோவில் இரண்டாம் மாடி. கல்லூரிகளை நாங்கள் கொன்பரன்ஸ் என்ற பிரிவுகளாகப் பிரித்திருந்தோம். ஒவ்வொரு கொன்பரன்ஸிலும் பருவ முடிவில் எட்டு அணிகளின் சாம்பியன்ஷிப் நடக்கும். அடுத்தடுத்து மூன்று புதன்கிழமைகள்: காலிறுதி, அரையிறுதி, இறுதி. நான் பந்தைத் தொட்டதில்லை. என் பொறுப்பில் இருந்தவை:

1. வீரர்களின் பதிவுப் பட்டியல்.
2. ஒவ்வொரு போட்டிக்கும் அணிகள் தரும் பெயர்த் தாள்.
3. நடுவரின் அறிக்கை: கோல், அட்டை, மாற்று வீரர் சீட்டு.
4. தடை அறிவித்தல். சாம்பியன்ஷிப்பில் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கியவர் அடுத்த போட்டியில் ஆடக்கூடாது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஸ்பிரெட்ஷீட்டில் இணைத்திருந்தேன். எனக்கு முன்னர் இருந்தவர் கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

பட்டியலைத் துப்புரவாக்கியது

காலிறுதிக்கு முந்திய வாரம் பதிவுப் பட்டியலில் இரட்டைப் பதிவுகளைத் தேடினேன். கிழக்கு லண்டன் கல்லூரி ஒன்றின் அணியில் இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. ஒன்றில் "தர்மலிங்கம் நிரோஷன்", பிறந்த திகதியுடன். மற்றதில் "என். தர்மலிங்கம்", பிறந்த திகதி காலி.

வேறு யாரென்றாலும் இதை இரண்டு பேர் என்று விட்டிருப்பார்கள். எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் தகப்பன் பெயரை முன்னால் எழுதி, தன் பெயரைப் பின்னால் எழுதுவோம். புலம்பெயர்ந்து போகிற பிரான்சிலோ ஜெர்மனியிலோ அதிகாரி முன்னால் இருப்பதை முதற்பெயர் என்று வாசித்துவிடுவார். பிறகு லண்டனுக்கு வந்து யாரோ அதைத் திருத்துவார்கள், பாதிக் கடதாசிகளில் மட்டும். மோர்டனில் எங்கள் வீட்டுக்கே கவுன்சில் கடிதத்தில் ஒரு அப்பாவும் வங்கிக் கடிதத்தில் இன்னொரு அப்பாவும் வருவார்கள்.

ஆகவே இரண்டு வரியையும் சேர்த்து ஒன்றாக்கினேன். காலியாக இருந்த பிறந்த திகதி அதனோடு மறைந்தது. எந்தப் பெயரைத் தட்டினாலும் 47 வரும்படி செய்தேன். மேலாளர் மொரீனிடம் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்:

"உன்னை விட்டா இதை ஆர் கண்டுபிடிக்கிறது? நான் செத்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டன்."

அந்தப் பாராட்டுடன் ஒரு வாரம் நடந்து திரிந்தேன்.

தொலைபேசி

தடை அறிவித்தல் வியாழன் காலையே இரு இறுதி அணிகளுக்கும் போனது. கிழக்கு அணிப் பயிற்சியாளரிடமிருந்து உடனே மின்னஞ்சல்: நிரோஷனுக்கு ஒரு அட்டைதான், மற்றது அவருடைய தம்பியுடையது. நான் இரண்டு வரியில் பதில் எழுதினேன். இரண்டு பெயரும் ஒரே வீரருடையவை, தமிழ்ப் பெயர்களில் இது சாதாரணம். அந்தக் கடைசி வசனத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை ரசித்து வாசித்தேன்.

மத்தியானம் நிரோஷனே எடுத்தான். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான்.

"அக்கா, எனக்கு ஒரு கார்ட்தான். காலிறுதியிலை வாங்கினது. மற்றது தம்பிக்கு."

"தம்பி, பேரைத் திருப்பிப் போட்டா எனக்கு விளங்காதெண்டு நினைக்கிறீரோ?"

"ஐயோ அக்கா, திருப்பேல்லை. நான் பிரான்சிலை இருந்து வந்தனான், என்ரை பேப்பரிலை அப்பான்ரை பேர் முன்னுக்கு. அவன் நிஷான், இஞ்சை வந்து பதிஞ்சவன், அவனுக்குப் பின்னுக்கு."

"கார்ட் விழுந்தா எல்லாருக்கும் ஒரு தம்பி வந்திடுவார்."

அவன் சொன்னான்:

"இது எனக்குக் கடைசி வருசம் அக்கா. மூண்டு வருசமா இந்த ஃபைனலுக்குத்தான் விளையாடினனாங்கள். புதன்கிழமை நான் முதல் நிமிசத்திலை இருந்து விசில் ஊதும் வரைக்கும் நிண்டனான். பார்த்த ஆக்களைக் கேளுங்கோ."

"பேப்பரைத்தான் கேட்கலாம், ஆக்களைக் கேட்க ஏலாது" என்று சொல்லி வைத்துவிட்டேன். நல்ல பதில் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

மாற்று வீரர் சீட்டு

பேப்பரை எடுத்தேன். அவன் பொய்யன் என்று காட்டுவதற்குத்தான் எடுத்தேன்.

நடுவரின் அறிக்கையில் பெயருக்குப் பக்கத்தில் சட்டை எண்ணும் இருக்கும். அதை நான் ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றுவதில்லை. பெயர் போதும் என்பது என் எண்ணம். காலிறுதியில் அட்டை வாங்கியவரின் சட்டை எண் 5. அரையிறுதியில் அட்டை வாங்கியவரின் சட்டை எண் 14.

சட்டை மாறியிருக்கலாம். அரையிறுதியின் மாற்று வீரர் சீட்டைத் தேடினேன். அறுபத்திரண்டாவது நிமிடம்: 8 வெளியே, 14 உள்ளே. பெயர்த் தாளில் 5, அதாவது தர்மலிங்கம் நிரோஷன், தொடக்க அணியில் இருந்தார். அவர் வெளியேறியதாக எந்தச் சீட்டும் இல்லை.

இரண்டு பெயருக்கும் எதிரே என் பதிவு எண்ணை எழுதிப் பார்த்தேன். 47. 47. என் கணக்குப்படி, மைதானத்தில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒருவர் அறுபத்திரண்டாவது நிமிடத்தில் மாற்று வீரராகவும் உள்ளே ஓடி வந்திருக்கிறார்.

என் ஸ்பிரெட்ஷீட் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் எழுதவில்லை.

மொரீனிடம் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ ஏன் சேர்க்க முதல் ஒருத்தரையும் கேட்கேல்லை?"

"கேட்டிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

"எனக்குத் தெரியாது. அந்தப் பெடியனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஃபில் கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை காலை, இரண்டு வீரர்களாக இருக்கலாம், வீரர் என்னோடு தமிழில் பேசி முறையிட்டார், தடை மீளாய்வில் இருக்கிறது என்று இரு அணிகளுக்கும் அறிவித்தோம். எதிரணிப் பயிற்சியாளர் ஃபில் ஐந்து நிமிடத்தில் எடுத்தார். மொரீன் ஸ்பீக்கரில் போட்டார்.

"நேற்று ஒரு ஆள் எண்டியள். இண்டைக்கு ரெண்டு ஆள். உங்கடை பிள்ளையோடை அவங்கடை பாஷையிலை ஒருத்தன் போனிலை கதைச்சவுடனை ஆள் பெருகிட்டுதோ?"

மொரீன் வாய் திறக்க முன் நான் கையைக் காட்டித் தடுத்தேன். பாஷை பற்றி அவர் சொன்னது பிழை. ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதே கேள்வியைக் கேட்டிருப்பேன். ஒருவரைத் தடுத்ததும் நான், விடுவிக்கப் போவதும் நான். இடையில் நடந்த உரையாடல் வேறு எவருக்கும் விளங்காத மொழியில். அவர் நம்புவதற்குக் கையில் என்ன இருக்கிறது?

அவர் வைத்த பிறகு மொரீனிடம் ஒன்று கேட்டேன்: இந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்து வேண்டாம். மூன்று பேர் கொண்ட குழு திங்கட்கிழமை கூடட்டும். அவர்களுக்குப் பெயர்களே தேவையில்லை. கறுப்புப் பேனாவால் பெயர்களை அழித்துப் பிரதி எடுத்தேன். மிச்சம் இருந்தவை சட்டை எண்களும் நிமிடங்களும் மட்டும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தப் பிரதியையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் எண்ணுக்கு ஒரு அட்டை, பதினான்காம் எண்ணுக்கு ஒரு அட்டை என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. அதைவிடத் தெளிவாக இருந்ததாக நினைத்த ஒன்றுதான் பிழையாகப் போயிருந்தது.

திங்கட்கிழமை குழு பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. இரண்டு வீரர்கள், ஆளுக்கொரு அட்டை, தடை இல்லை. ஃபிலுக்கும் அதே பிரதியை அனுப்பினோம். "சரி" என்று ஒரு சொல்லில் பதில் வந்தது.

புதன்கிழமை

இறுதிப் போட்டி மோர்டன் பக்கத்து மைதானத்தில். பதிவு மேசையில் நான் இருந்தேன். கட்டையாக, தோள் அகன்ற ஒருவன் முன்னால் வந்தான்.

"வணக்கம் அக்கா. நாற்பத்தேழு."

அவனுக்குப் பின்னால் அரை அடி உயரமான ஒருவன் எட்டிப் பார்த்தான். "நானும் நாற்பத்தேழாம். அண்ணை சொன்னவர்."

நான் சிரிக்க முயன்றேன். மன்னிப்பை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன், அதைச் சொன்னேன். நிரோஷன் பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தபடி கேட்டான்.

"கார்ட்டுக்குக் கோவமில்லை அக்கா. ஒபிசுக்காரர் நம்பாமல் விடுறது எங்களுக்குப் பழக்கம். அப்பான்ரை பேரும் என்ரை பேரும் எப்பிடி மாறினதெண்டு உங்களுக்குத்தானே தெரியும். தெரிஞ்ச ஆள் ஏன் நம்பேல்லை?"

நான் தாளைத் தம்பியிடம் நீட்டினேன். பதிலை இப்போதுதான் எழுத முடிகிறது. தெரிந்ததால்தான் நம்பவில்லை. ஒரு வழக்கத்தை அறிந்திருந்தேன், அவனை அறிந்திருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒரு விடயத்தில் என்னைத் திருத்த யாரும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மடங்கு மெதுவாக நடந்திருக்க வேண்டும். நான் ஓடினேன்.

அடுத்த பருவத்துக்கு நான் மாற்றியவை:

1. வீரரை அடையாளம் காண்பது கல்லூரி மாணவர் எண்ணால். பெயரால் அல்ல.
2. சட்டை எண்ணும் ஏற்றப்படும். ஒரே பதிவு எண் ஒரு தாளில் இரண்டு தரம் வந்தால் வரி சிவப்பாகும்.
3. காலியாக இருக்கும் கட்டம் காலியாகவே இருக்கும். நிரப்புவதற்கு முன் உரியவரைக் கேட்க வேண்டும்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் மூன்றாவதைத்தான் முதலில் மறப்பார்கள். நேரம் எடுக்கும், எரிச்சலாக இருக்கும். ஆனாலும் கேளுங்கள்.

நான் முதல் தடவை கேட்டது அன்றைக்கே. போட்டியில் கிழக்கு அணி ஒரு கோலால் தோற்றது. நிரோஷன் தொண்ணூறு நிமிடமும் நின்றான். விசில் ஊதியபின் நடுவர் அறிக்கையைக் கொண்டு வந்து தந்தார். ஒரு மஞ்சள் அட்டை, "தர்மலிங்கம்", சட்டை எண் மழையில் கரைந்திருந்தது. எனக்கு யாரென்று நிச்சயமாகத் தெரியும் போலிருந்தது. பேனாவை மூடிவிட்டு, சேறு பூசிய அணி நின்ற இடத்துக்கு நடந்தேன்.

"கார்ட் ஆருக்கு?"

உயரமானவன் ஒரு கையை உயர்த்தினான், மற்றக் கையால் தமையனைச் சுட்டினான்.

"எனக்குத்தான் அக்கா. இந்த முறையும் இவருக்குப் போட்டிடாதேங்கோ."