அவசியம், அனாவசியம்

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு பேரோடு பேச்சு. "புதுசா, பழைய கார்டா?" "முதல் மாடி, இடது பக்கம்." "கூட ஒருத்தர் மட்டும் போங்க." அவ்வளவுதான். முந்நூறு பேரோடு பேசியதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு பேச்சு தேறாது. எல்லோரும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்த டாக்டர் உட்பட. வயது நாற்பத்தாறு. அதில் பத்தொன்பது வருஷம் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் போயிருந்தது. கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை உண்டு. உலகம் அதன் வழியாகத்தான் அவளோடு பேசியது, அதுவும் குனிந்துகொண்டு, அவசரமாக.

வீட்டில் இருந்தது ஒரே ஆள், தம்பி. அவளைவிட எட்டு வயது இளையவன். கட்டில், மேசை, நாற்காலி விற்கிற கடையில் டெலிவரி வேலை. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா நாலு வருஷத்துக்கு முன்னால். டோக்கன் அக்காவைக் கேட்டு வந்தவர்களும் ஒரு காலத்தில் உண்டு. "தம்பி படிப்பை முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டாள். தம்பி படிப்பை முடிக்கவில்லை, படிப்புதான் தம்பியை முடித்துவிட்டது. அதற்குள் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். பிற்பாடு தம்பிக்காக ஒரு வீட்டில் பெண் கேட்கப் போனபோது இவள் அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, "குளிக்க எத்தனை பக்கெட் ஆகும்மா?" என்பது. அந்தச் சம்பந்தத்தை அவர்கள் அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்கள்.

இரண்டு சம்பளம் வந்தது, இரண்டுமே நோஞ்சான் சம்பளம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அம்மா போன மாதமே அவள் ஒரு நீளநோட்டு வாங்கி, சமையலறைக் கதவு ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். கூடவே ஒரு பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் 'அவசியம்', அந்தப் பக்கம் 'அனாவசியம்'. எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது: "இது இல்லன்னா உயிர் போயிடுமா?"

அரிசிக்குப் போய்விடும். சோப்புக்குப் பாதி போய்விடும். தம்பியின் மீசைக் கத்தரிக்கு, கேபிள் டிவிக்கு, இரண்டாவது டீக்குப் போகாது. ஹாலில் ஃபேன் ஓடினால் உள்ளே ஓடக்கூடாது என்பது சட்டம். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று மாடி வீட்டுக்காரி சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது அநியாயம். டோக்கன் அக்கா கஞ்சம் இல்லை, பயந்தவள். ஒரு மாதம் வாடகை தடுக்கினால் வீடு போகும். வீடு போனால் தம்பிக்குக் கடை மாடியில் பையன்களோடு பாய் விரிக்க இடம் உண்டு. இவளுக்கு? பகல் முழுக்கக் கண்ணாடிக்குள் தனியாக, மிச்ச நேரம் நாலு சுவருக்குள் தனியாக. தும்மினால் "என்னக்கா, சளியா?" என்று கேட்கிற ஒரே குரலும் இருக்காது. அந்தக் குரலைக் கையை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளத்தான் அவ்வளவு கணக்கும். ஆனால் இதை அவள் தம்பியிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. தம்பிக்குத் தெரியாதா என்ன என்று இருந்துவிட்டாள்.

தம்பி நோட்டுப் பக்கமே வரமாட்டான். சம்பளத்தை அவள் கையில் கொடுப்பான், கைச்செலவுக்கு வாங்கிக்கொள்வான், அது எங்கே போனது என்று கேட்டால் "போச்சு" என்பான். "போச்சுன்னா எந்தப் பக்கம்டா எழுதறது?" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

ஒரே ஒரு தடவைதான் அவனாக நோட்டைப் புரட்டினான். அவன் பிறந்தநாளுக்கு அவள் ஒரு சட்டை வாங்கியிருந்தாள், நல்ல துணி, பேரம் பேசாமல் வாங்கியது. அவள் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய பொருட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதை வழக்கம்போல் எழுதி வைத்தாள். 'தம்பி பிறந்தநாள் சட்டை, நானூற்றைம்பது.' எழுதிய இடம், அனாவசியம்.

"நான் அனாவசியமாக்கா?" என்றான் தம்பி, சிரித்துக்கொண்டேதான்.

"அட, சட்டை இல்லன்னா உயிரா போயிடும்? இருக்கறத போட்டுக்க மாட்டியா?" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவள் கணக்கில் அது பெரிய மரியாதை. அவசியத்துக்குச் செலவு செய்ய யாரால்தான் முடியாது? அரிசி வாங்கப் பாசம் வேண்டியதில்லை. அனாவசியம் என்று தெரிந்தும் வாங்கினாளே, அதுதான் அவள் சொன்ன வாழ்த்து. அவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. அங்கேதான் தப்பு நடந்தது. ஆனால் தப்பு நடக்கும்போது சத்தம் போட்டுக்கொண்டா நடக்கிறது?

போன வருஷக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று, விலைவாசியைப் பற்றிப் பத்து நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டு, ஆறாயிரம் வாடகையை ஏழரை ஆக்கிவிட்டுப் போனார். இரண்டு மாதம் அவகாசம். அன்று டோக்கன் அக்கா முதல் தடவையாகத் தம்பியிடம் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு மாசம்டா. நீ செலவு பண்றது எல்லாத்தையும் எழுது. எங்கேயாவது ஓட்டை இருக்கும். அடைச்சா ஆயிரத்தைநூறு தேறிடும். எனக்காக எழுது."

'எனக்காக' என்ற வார்த்தையை அவன் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. கொஞ்சம் திகைத்துப்போய்ப் பென்சிலை எடுத்தான்.

எழுத ஆரம்பித்தவன் ஒழுங்காக எழுதினான். 'டீ, எனக்கும் டிரைவர் அண்ணனுக்கும். பஞ்சர். லிஃப்ட் இல்லாத வீட்டில் நாலாவது மாடிக்குக் கட்டில், இடுப்பு வலி மாத்திரை. கட்டில் வாங்கிய வீட்டம்மா கொடுத்த இனாம், வரவு ஐம்பது. மழை, ஆட்டோ.' டோக்கன் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கை கால் கழுவாமல் நோட்டைத்தான் பார்த்தாள். நாலு வருஷமாக அவன் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. டிரைவரோடு சிநேகம் என்பதும், இடுப்பு வலிக்கிறது என்பதும் நோட்டு சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. யாரோ கடிதம் போடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இடுப்பு வலியாடா?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். "மாத்திரை எங்க ஆஸ்பத்திரி கடையில எட்டு ரூபா கம்மி. நான் வாங்கிட்டு வரேன்" என்றுதான் வந்தது.

"சரி" என்றான் தம்பி.

மாதத்தின் கடைசி நாள். அவள் வந்தபோது நோட்டு ஆணியில் இல்லை, தரையில் விரித்து வைத்து அவன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கூட்டல் முடித்திருந்தான். கூட்டல் சரியாகவும் இருந்தது. அனாவசியப் பக்கத்தில், டீக்கெல்லாம் கீழே, கடைசி வரியில் எழுதியிருந்தான்: 'வீட்டு வாடகை.'

"என்னடா இது?"

"ஓட்டை கேட்டியே. இதான் பெரிய ஓட்டை. நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு ரூம், ஹாலு? கடை மாடியில எனக்கு இடம் இருக்கு, காசு கிடையாது. வீட்டுக்காரர்கிட்டயே பேசினேன். பின்பக்கம் ஒத்தை ரூம் காலியா இருக்காம், ரெண்டாயிரத்தைநூறு. உன் சம்பளத்துக்கு அது தாராளம்."

அவள் குனிந்து அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படித்தாள்.

"இந்த வீடு இல்லன்னா உயிரா போயிடும்?" என்றான். குத்திக் காட்டவில்லை, கோபமும் இல்லை. அவள் சொல்லிக்கொடுத்த பாடத்தை நன்றாகப் படித்து ஒப்பித்தான், அவ்வளவுதான். பாராட்டை எதிர்பார்த்த மாதிரிகூட இருந்தது முகம்.

போயிடும்டா என்று சொல்லியிருக்கலாம். நாலெழுத்து, அஞ்செழுத்து வார்த்தைதான். ஆனால் அவள் நோட்டை எடுத்து, பழக்க தோஷத்தில், கூட்டலை இன்னொரு தடவை சரிபார்த்தாள். ஒரு பைசா பிசகவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

ஒன்றாம் தேதி கடை வண்டியிலேயே அவன் சாமான் போனது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பை, ஒரு தலையணை. அவளுடைய சாமானையும் பின்பக்க அறைக்கு அவனேதான் தூக்கி வைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான், பிறகு வண்டியில் ஏறினான்.

அந்த மாதம் முப்பது நாளும் எப்படிப் போனதென்று கேட்டால் டோக்கன் அக்காவால் சொல்ல முடியாது. காலையில் கண்ணாடிக்குள் உட்கார்ந்தாள், மாலையில் எழுந்தாள். அறைக்கு வந்தால் ஃபேன் ஒன்றுதான், சட்டம் போட வேண்டிய அவசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாயங்காலம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. தொண்டை இருக்கிறதா என்று பார்க்க "முதல் மாடி, இடது பக்கம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு வந்தது. பிறகு ரொம்ப நேரம் அழுதாள்.

மாதக் கடைசியில் கணக்கு எழுதினாள். மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பது. நம்பாமல் மூன்று தடவை கூட்டினாள். மிச்சம்தான். அம்மா இருந்த காலத்திலும் பார்த்திராத மிச்சம். அதைக் காட்ட ஓர் ஆள் இல்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். பத்தொன்பது வருஷத்தில் காய்ச்சலுக்கும் சாவுக்கும் அல்லாமல் போட்ட முதல் லீவு. இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்துகொண்டே போனாள். இடுப்பு எப்படி இருக்கு. யார் சமைக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, டிரைவரையும் கூட்டிட்டு வா.

கடை வாசலில் தம்பியும் இன்னொருவனும் ஒரு பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்னக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடா."

அவன் காத்திருந்தான். பஸ்ஸில் தயார் செய்த பேச்சில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. உள்ளேயிருந்து முதலாளி, "வண்டி நிக்குதுப்பா" என்று கத்தினார். தம்பி ஒரு தடவை வண்டியைப் பார்த்தான், ஒரு தடவை அவளைப் பார்த்தான். சட்டென்று புரிந்துகொண்டவன் போலச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். மடித்த இரண்டு ஐந்நூறு தாள்கள்.

"எனக்கு இந்த மாசம் செலவு கம்மிதான்க்கா. இத வச்சுக்கோ. பத்தலன்னா சனிக்கிழமை தரேன்."

வேண்டாம் என்றால், பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்பான். உன்னைப் பார்க்க என்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்ல அவள் வாய் பழகியிருக்கவில்லை. கையை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டாள்.

அவனுக்கு மூச்சு சீரானது. ஓடப் போனவன் திரும்பி, நிஜமான அக்கறையோடு சொன்னான்: "இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? ஒரு போன் போட்டிருந்தா பஸ் காசு மிச்சமாகியிருக்குமேக்கா."

"ஆமாண்டா" என்றாள் டோக்கன் அக்கா. "எனக்குத் தோணவே இல்ல."