டாக்டர் குணநாயகம் கண்ட ரோஸ் நிறம்

டாக்டர் குணநாயகம் மறைந்த செய்தியோடு எங்கள் துறை அலுவலகத்தின் எழுத்தர், கிராணி, வந்து நின்றபோது, டாக்டருக்கு வந்திருந்த ஒரு தபால் அட்டை என் கையில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து யாரோ ஒருவர் அவருடைய கோபால்ட் கட்டுரைக்குப் பிரதி கேட்டிருந்தார். "டாக்டர் காலையில இறந்துட்டாரு மிஸ். பிரிக்பீல்ட்ஸ் வீட்டுலதான்" என்றார் கிராணி. நான் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப இதுக்கு யாரு பதில் போடறது?" குழம்பிய நேரத்தில் வாய் இப்படித்தான் உளறுகிறது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கனிம வேதியியலாளர். உலோக உப்புகளைக் கொண்டு புதிய சேர்மங்கள் செய்து பார்ப்பது அவர் தொழில். எழுபதுகளில் கோலாலம்பூரில் அவருக்குப் பக்கத்து மேசையில் நான் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். உலையில் உலர்த்திய தூளை மூடிய கிண்ணத்தோடு நிறுப்பார். பிறகு மூடியைத் திறந்து ஆறவிட்டு, "வாங்க மிஸ் லெட்சுமி, ஒரு தே குடிச்சிட்டு வந்து எழுதுவம்" என்று கிளம்பிவிடுவார். திரும்பி வந்துதான் நிறத்தைப் பார்த்து எழுதுவார். வெறும் வயிற்றோடு பார்த்தால் கண்ணை நம்ப முடியாதாம்!

அப்படி எழுதியதுதான் அந்தக் கோபால்ட் கட்டுரை. தூள் ரோஸ் நிறம் என்று எழுதினார். குளிர்நாட்டு ஆய்வாளர் ஒருவர் அதையே செய்து பார்த்துவிட்டு, நிறம் நீலம், குணநாயகம் சொன்னது தவறு என்று எழுதினார். பிடித்தது சனி. அந்தப் பக்கம் வந்தவர்களெல்லாம் முதலில் இவர் பெயரைச் சொல்லி, தவறு என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுக்கும் தடித்த புத்தகம் நூலகத்தில் இருந்தது. அதில் அவர் பெயருக்குக் கீழே பத்தி நீண்டுகொண்டே போயிற்று. அவர் உயிரைக் கொடுத்து எழுதிய மற்றக் கட்டுரைகளைச் சீந்துவாரில்லை.

பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் அந்த நீளத்தைப் பார்த்துக் குழுவினர் மகிழ்ந்துபோனார்களாம். இவர் சும்மா இருக்கக் கூடாதா? "அதில முக்கால்வாசிப் பேர் என்னைப் பிழையெண்டு சொன்ன ஆக்கள்" என்று தாமாகவே சொல்லிவிட்டு வந்தார். பதவி போயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"என்னா டாக்டர் இது! அவங்க கேட்டாங்களா?"

"கேக்கேல்ல லா. ஆனா பிழையெண்டதையும் சேத்து எண்ணிப்போட்டினமே."

தொண்ணூறுகளில்தான் எங்களுக்கு உலர்பெட்டி வந்தது. ஈரக்காற்று புகாத பெட்டி அது. அதற்குள் அதே தூளைச் செய்தார். நல்ல நீலம்! வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மழைநாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து ரோஸாக மாறியது.

"நாங்க தே குடிக்கப் போனம்," என்றார், "இது இங்க தண்ணி குடிச்சிருக்கு."

"எழுதுங்க டாக்டர், உடனே எழுதுங்க! உங்க பேரு நிமிர்ந்துரும்."

"எழுதலாம். நான் பிழையெண்டு எழுதிறதோ, சரியெண்டு எழுதிறதோ?"

கடைசிவரை அவர் எழுதவில்லை. வருத்தமா, வீம்பா, அவருக்கே தெரியாமல் போயிற்றா? எனக்கு விளங்கவே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் கூட்டம். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி என்னைச் சாமி அறைக்கு அழைத்துப் போனார். திருநீற்றுக் கிண்ணத்தின் பக்கத்தில் தக்கையிட்டு மெழுகு பூசிய சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே உலர்பெட்டியில் செய்த அதே நீலத்தூள்.

"இதைத் திறக்கவே விடமாட்டார். என்னெண்டும் சொல்லேல்ல. அவரோட அனுப்பட்டா பிள்ளை?"

யோசிக்காமல் தக்கையைப் பிடுங்கினேன். வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். நீலம் மெல்ல வெளுத்து, ஓரம் சிவந்தது.

"ஐயோ, பழுதாப் போச்சுதா?"

"இல்லக்கா. டாக்டர் பாத்தது இதைத்தான்." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அக்கா குப்பியை வாங்கிக் கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே கிடத்தியிருந்த அவர் சட்டைப்பையில் வைத்தார்.

போய் வாருங்கள், டாக்டர். அந்தத் தபால் அட்டைக்கு நானே பதில் போடுகிறேன். கட்டுரையை உறையில் இட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு வரி எழுத வேண்டும். நிறம் என்னவென்று எழுதட்டும் நான்?