சக்கிலிருந்து எடுக்காதே

இது நடந்தது. நாள், நேரம், அளவு எல்லாம் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன நவம்பர் வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான். முப்பத்தெட்டு வருஷம் நூற்பு மில்களுக்குப் பல்சக்கரம் வெட்டியவன் நான். கண்ணால் பார்த்ததைக்கூட மைக்ரோமீட்டரால் அளந்த பிறகுதான் ஒப்புக்கொள்வேன்.

என் பெயர் ஆல்வின் பிக்கர்ஸ்கில். ஹாலிஃபாக்ஸ் என்ற மில் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் வீடு. இரண்டு தெரு தள்ளி ஹொரேஸ் லம் இருந்தான். நாற்பது வருஷப் பழக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மரக்கொட்டகை போட்டு, அதில் பதினெட்டு வருஷமாக ஒரே ஒரு நீராவி எஞ்சினைச் செய்துகொண்டிருந்தான். பழைய மில் எஞ்சினின் அச்சு அசல், ஆனால் சாப்பாட்டு மேஜை அளவு. அந்த மில்லை இடித்தபோது அதன் எஞ்சினிலிருந்து இரண்டு துண்டு இரும்பைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்து, அதில்தான் இரண்டு பிஸ்டன்களையும் செய்தான். மூன்றாவது துண்டு கிடையாது.

கல்யாணமான நாளிலிருந்தே அவனிடம் இருந்த லேத், தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்து ஓட்டுவது. "மோட்டார் போட்டா இரும்பு பேசறது காதுல விழாதுடா" என்பான். ஒவ்வொரு தடவை சீவிய பிறகும் அளந்து, நேரத்தோடு சேர்த்துப் பென்சிலால் நோட்டில் எழுதுவான். ஒரு வேலை முடிந்தால், பக்கத்தின் அடியில் அடுத்த வேலையின் பெயரை எழுதி அதன்கீழ் இரண்டு கோடு இழுப்பான். ஒரு தடவை 'எனிட்' என்று மனைவி பெயரை எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

"அடப்பாவி, என்னையே லேத்துல மாட்டிச் சீவப் போறியோன்னு பயந்துட்டேன்" என்று எனிட் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மாதம் அவளுக்கு ஒரு கடிகாரம் செய்து கொடுத்தான்.

அக்டோபர் 6. ஆஸ்பத்திரி. இருதயம். நோட்டை அங்கேயும் கையில் வைத்திருந்தான்.

"டேய் ஆல்வின். ரெண்டாவது பிஸ்டன் சக்குல இருக்கு."

"தெரியும்."

"இன்னும் ஒரே சீவுதான். நீயே போட்டுடு."

"நீயே எழுந்து வந்து போடு, சோம்பேறி."

அவன் சிரிக்கவில்லை. "சக்குலேர்ந்து மட்டும் எடுத்துடாதே."

"யாருக்குச் சொல்ற? நான் என்ன நேத்து வேலைக்குச் சேர்ந்தவனா?"

"எடுக்காதே."

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேத்தில் பொருளைப் பிடித்துச் சுழற்றும் நான்கு இரும்புப் பிடிகளுக்குத்தான் சக் என்று பெயர். பிஸ்டனின் நடுத்துளையை ஹொரேஸ் ஏற்கெனவே போட்டுவிட்டான். வெளிவட்டமும் அதே மையத்தில் சுழல வேண்டும். பாதியில் கழற்றினால் அந்த மையம் போயிற்று. திரும்ப எப்படி மாட்டினாலும் ஒரு முடியளவாவது விலகும். அதனால் அடுத்தவன் சக்கில் இருக்கும் வேலையை எங்களில் யாரும் தொடமாட்டோம். செத்தவன் வேலை என்றாலும்.

அக்டோபர் 9 அன்று ஹொரேஸ் இறந்தான்.

எனிட் வீட்டை விற்றுவிட்டு, ஸ்கார்பரோவில் இருக்கும் அக்காவிடம் போவதாக முடிவாயிற்று. நவம்பர் 14, சனிக்கிழமை கிளம்புகிறாள். லேத்தையும் அன்று காலையிலேயே எடுத்துப்போக ஆள் வருகிறது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அந்த எஞ்சின் சக்கரம் ஒரே ஒரு தடவை சுத்தட்டும் ஆல்வின். பார்த்துட்டுப் போயிடறேன். பதினெட்டு வருஷம் அந்த மனுஷனைக் கொட்டகைக்குக் கொடுத்துட்டு நான் தனியா உட்கார்ந்திருந்தேன். எதுக்குன்னு எனக்குத் தெரியணும்."

நவம்பர் 11, புதன். பிற்பகல் 3:20. கொட்டகைக்குள் போனேன். எலும்பைத் துளைக்கும் குளிர். இரும்பில் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும் என்று ஹொரேஸ் அங்கே அடுப்பே வைத்ததில்லை. பிஸ்டனை அளந்தேன். 2.004 அங்குலம். சிலிண்டரின் துளை சரியாக 2. ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் என் முழங்கால் அந்த மிதியை மிதிக்க மறுத்தது. என் வீட்டில் மோட்டார் லேத் இருக்கிறது. ஹீட்டர் இருக்கிறது. ரேடியோ இருக்கிறது... யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நான்கு பிடிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். நான்காவதைத் தளர்த்தும்போது, பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல் கேட்டது. திரும்பினேன். யாருமில்லை. பிஸ்டனைச் செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். மையம் பார்க்கும் முள் ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் ஓடியது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு பொருள் இப்படி எனக்குப் பணியாமல் போனதில்லை.

மறுநாள், வியாழன், 3:15. திருட்டுப்பயல் மாதிரி அதைத் திரும்பக் கொண்டுபோய் ஹொரேஸின் சக்கிலேயே மாட்டினேன். அங்கேயும் ஆட்டம். ஒரு துணியை அதன்மேல் எறிந்து மூடிவிட்டு, கொட்டகையைப் பூட்டி, டீ குடிக்கப் போனேன். என்ன செய்வதென்று யோசிக்க அவகாசம் வேண்டும்.

எனிட் சமையலறையில் இருந்தாள். சுற்றிலும் கட்டிவைத்த பெட்டிகள். கைப்பை மடியில். இப்போதே பஸ் வந்துவிடும் என்பதுபோல அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சி கேக் எடுத்துக்கோ. பிஸ்டன் சக்குலதானே இருக்கு?"

"சக்குலதான் இருக்கு" என்றேன்.

சுவர்க் கடிகாரம் 4:05 காட்டியது. ஹொரேஸ் செய்த கடிகாரம். அது தப்பாக ஓடாது.

டக்... டக்... டக்...

கொட்டகையிலிருந்து. மிதி ஏறி இறங்கும் சத்தம். அதற்கு மேலே, ஸ்ஸ்ஸ் என்று இரும்பு சீவப்படும் சத்தம்.

எனிட்டின் கோப்பை பாதியில் நின்றது. "பூட்டலையா?"

"பூட்டினேன்."

சாவி என் தட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"நாப்பத்தாறு வருஷம் இதைக் கேட்டவ நான்" என்றாள் மெதுவாக. "இது அவரு மிதி. நீ போய்ப் பாரு. நான் வரமாட்டேன்."

4:09. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன்.

சத்தம் நின்றிருந்தது. ஆனால் மிதி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே சோம்பு மிட்டாய் வாசனை. இருமலுக்கு ஹொரேஸ் வாயில் அடக்கிக்கொள்வது. நான் எறிந்துவிட்டுப் போன துணி நாலாக மடிக்கப்பட்டு லேத்தின் ஓரத்தில் இருந்தது.

சக்கின் அடியில் கறுப்பு இரும்புத்தூள். தொட்டேன். சூடு.

பிஸ்டனை அளந்தேன். 1.998. சிலிண்டருக்குள் வழுக்கிக்கொண்டு போகும் அளவு. ஹொரேஸ் எப்போதும் வைக்கும் அளவு. ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. முடித்துவிட்டான்! எனிட் பார்த்துவிட்டுப் போவாள்!

மையம் பார்க்கும் முள்ளை வைத்து, சக்கைக் கையால் சுற்றினேன். நடுத்துளை ஒரு பக்கம் ஓடியது. வெளிவட்டம் சுத்தம்... மையம் தப்பு. இனி இது எந்த எஞ்சினிலும் ஓடாது.

அப்போது, 4:13-க்கு, மிதி கீழே இறங்கியது.

நான் அதிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றேன். என் கால் தரையில்தான் இருந்தது.

டக்... டக்... சக் சுழன்றது. வெட்டும் கைப்பிடி தானாக, பொறுமையாக, அரைச் சுற்று திரும்பியது. ஸ்ஸ்ஸ்... தூள் உதிர்ந்தது. நின்றது.

ஒரு பெருமூச்சு.

மனிதப் பெருமூச்சு. என் காதுக்குப் பக்கத்தில். அளந்து பார்த்துத் தப்பு என்று தெரிந்தவனின் பெருமூச்சு. அதை நாற்பது வருஷம் கேட்டிருக்கிறேன்.

4:20. மறுபடி மிதி. மறுபடி தூள். மறுபடி பெருமூச்சு.

4:31. மறுபடி.

4:38.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஓடத் தோன்றியது. பயத்தைவிட வேறொன்று என்னை நிறுத்திவைத்தது. அவன் தேடிக்கொண்டிருந்தான்... காணாமல்போன மையத்தை. சீவச் சீவ அது கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை. எவனோ எடுத்துவிட்டான் என்பதே தெரியாமல், பதினெட்டு வருஷ உழைப்பைத் தன் கையாலேயே தூளாக்கிக்கொண்டிருந்தான்.

4:45. பிஸ்டன் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. இத்தனை குறைந்த நேரத்தில் அவ்வளவு சீவ எவனாலும் முடியாது.

பெருமூச்சு இப்போது அழுகை மாதிரி இருந்தது.

என்னால் தாங்க முடியவில்லை.

"ஹொரேஸ்..." என்றேன். "நான்தான் எடுத்தேன். குளிரா இருந்துச்சு. அதான்... மன்னிச்சுடுடா."

கைக்கடிகாரம் 4:52.

மிதி நின்றது.

சக் நின்றது.

சோம்பு வாசனை... என் பக்கம் திரும்பியது.

அப்புறம் இடது கையில், மோதிர விரலில், சில்லென்று ஏதோ பட்டது.

இரண்டு பக்கமும். எஃகு.

கிர்ர்... கிர்ர்... டிக்.

மைக்ரோமீட்டர் சரியாக இறுகும்போது வரும் சத்தம் அது.

என் விரலை... அளந்தான்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. எனிட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எடுத்ததையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அந்த மனுஷன் உன்கிட்ட கேட்டது அது ஒண்ணுதானே ஆல்வின்" என்றாள். "எனக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

சனிக்கிழமை லேத் போயிற்று. எஞ்சின் ஓடாமலே பெட்டிக்குள் போயிற்று. எனிட்டும் போனாள். வழியனுப்ப நான் போகவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை.

டிசம்பர் 3. ஸ்கார்பரோவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஹொரேஸின் நோட்டும், எனிட் கையெழுத்தில் நாலு வரியும்.

'அவர் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் இதைக் கொடுத்தார்கள். அன்றே கைப்பையில் வைத்தேன். நேற்றுவரை வெளியே எடுக்கவில்லை. நீயே படித்துக்கொள். எனக்கு ஃபோன் செய்யாதே.'

அந்தக் கைப்பை. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் மடியில் இருந்தது.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். ஹொரேஸின் பென்சில். ஹொரேஸின் கையெழுத்து.

நவ. 12. 4:05. 1.998. ஆடுகிறது. எவன் எடுத்தான்?

4:13. 1.930. ஆடுகிறது. எவன் எடுத்தான்?

4:20. 1.810. ஆடுகிறது. எவன் எடுத்தான்?

4:31. 1.540. எவன் எடுத்தான்?

4:38. 1.205. எவன்?

4:45. 0.880. எவன்?

அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தது. பக்கத்தின் அடியில், அடுத்த வேலையின் பெயர் எழுதும் இடத்தில், 4:52. ஆல்வின். அதன்கீழ் இரண்டு கோடு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாத்திரம் கழுவும்போது என் கல்யாண மோதிரம் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. முப்பத்தொன்பது வருஷம் சோப்புப் போட்டாலும் கழலாத மோதிரம். டாக்டர் ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார். ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். தினமும் 4:05-க்கு அந்த விரலை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிவைக்கிறேன். பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முடியளவு.