முதல் ஆள் சேர்ந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது. புனேயில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஜூலை மாதம். ஹடப்சரில் எங்கள் பிளாட்டின் டைனிங் டேபிள்தான் என் ஆபீஸ். மகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் வேலையைப் பகுதி நேரமாக ஆரம்பித்திருந்தேன். "கல்யாணத் தரகர் வேலைக்கு லேப்டாப் எதுக்கு?" என்று கணவர் கிண்டல் செய்வார். நான் அனுப்பிய ஒருவர்கூட அதுவரை வேலையில் சேர்ந்திருக்கவில்லை.

இன்டர்வியூவில் ஜெயித்தவர்களும் சேருவார்கள் என்று நம்ப முடியாது. கையில் வேறு ஆஃபர் இருக்கும். சேர வேண்டிய காலையில் போனை எடுக்காமல் கம்பி நீட்டிவிடுவார்கள். அதனால் அன்று காலையில் கூப்பிட்டு, "கிளம்பிட்டீங்களா?" என்று கேட்பது எங்கள் தொழிலில் ஒரு சடங்கு. அந்த மாதமும் யாரும் சேராவிட்டால் இனி வேலை தர முடியாது என்று எனக்கு இந்த வேலையைத் தரும் கன்சல்டன்சியின் முதலாளியம்மாவும் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒருவர் அமைந்தார். மதுரைக்காரர், எங்களுக்குப் பக்கத்தில் கராடியில் குடியிருந்தார். பழைய கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் வேலை போய், பல மாதங்களாக வீட்டில் இருந்தவர். திங்கட்கிழமை சேர வேண்டும். காலையில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நம்ம ஊர் ஆள் என்று நம்பினேனே, இவருமா என்று இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே அந்தத் தட்டைத் திட்டித் தீர்த்தேன்.

அப்போது அவரே கூப்பிட்டார்.

"மேடம், ஆஸ்பத்திரில இருக்கேன். வொய்ஃபுக்கு வலி வந்துருச்சு. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கெடக்கு. அத்தை நாளைக்குத்தான் ரயில்ல வர்றாங்க. இவளத் தனியா விட்டுட்டு எப்படி மேடம் வர்றது?"

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டேன். கம்பெனியில் பேசிப் பார்த்தேன். இன்று வராவிட்டால் அடுத்த மாதம்தான், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கே போனேன்.

அவர் மனைவியை அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும், அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"நீங்க போங்க. போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அக்கா இருக்காங்கள்ல."

நான் அக்கா ஆனது அப்படித்தான். என் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பிரசவமாகச் சாயங்காலம் ஆகிவிடும் என்று டாக்டரும் சொன்னதால், அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கிளம்பினார்.

குழந்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சீக்கிரமே வலி கூடிவிட்டது. அவள் பிடித்த பிடியில் என் கை சிவந்துபோனது. "அம்மா, அம்மா" என்று அவள் அழுதபோது என்ன சொல்வதென்று தெரியாமல், "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று பிதற்றினேன். அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன பிறகு கதவருகிலேயே நின்றேன்.

ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, "தும்ஹி கோண்?" என்றார். நான் அவளுக்கு யார் என்று கேட்கிறார். கொஞ்சமும் யோசிக்காமல், "மோட்டி பஹீண்" என்றேன். மராத்தியில் அக்கா.

துண்டில் சுற்றிய பெண் குழந்தையை என் கையில் கொடுத்தார். என் மகள் பிறந்தபோது நான் மயக்கத்தில் கிடந்தேன். பிறந்த சூடு ஆறாத ஒரு குழந்தையை நான் ஏந்தியது அதுதான் முதல் தடவை. அங்கேயே அழுதுவிட்டேன்.

கழுத்தில் புது ஐடி கார்டோடு, தொப்பலாக நனைந்து ஓடி வந்தார் அப்பா. குழந்தையைக் குனிந்து பார்த்து, "அப்பா லேட்டு பாப்பா" என்று விசும்பினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் மூலம் வேலையில் சேர்ந்துவிட்டார்கள், எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் முன்பின் தெரியாத என்னை நம்பி, அந்த வலியிலும் "நீங்க போங்க" என்று புருஷனை அனுப்பி வைத்தாளே ஒருத்தி, அன்றிலிருந்துதான் புனே எனக்கும் சொந்த ஊர்.